கணினிக் கேள்வி பதில்: பழைய கெர்னல்களை அழிக்கலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பும் தட்டச்சும் செய்து வருகிறேன். என் மடிக்கணினியில் முதலில் உபுண்டு இயங்குதளத்தின் 20.04 பதிப்பு நிறுவப்பட்டிருந்தது, பிறகு அதையே 22.04 பதிப்புக்கு உயர்த்தினோம். வாடிக்கையாளர்களின் பிறப்புச் சான்றிதழ்களும் உறுதிப் பத்திரங்களும் உள்ளே இருப்பதால், வட்டு முழுவதையும் கடவுச்சொல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி மறைகுறியாக்கம் செய்தே நிறுவித் தந்தார்கள். இரண்டு கிழமைகளாக, கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் பூட் பகுதியில் இடம் போதாது என்ற எச்சரிக்கை வருகிறது. வட்டில் 180 கிகாபைட்டுக்கு மேல் வெறுமையாக இருக்கும்போது இது எப்படி? பார்த்தால், பூட் பகுதியின் முழு அளவே 705 மெகாபைட். அதில் 41 மெகாபைட்தான் மிச்சம். உள்ளே 5.15.0-91, 101, 105, 107 என நான்கு கெர்னல்கள் (இயங்குதளத்தின் மைய நிரல்கள்) இருக்கின்றன. கடையொன்றில் காட்டியபோது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும் என்றார்கள். என் மைத்துனரோ, பூட் அடைவுக்குள் போய்ப் பழைய இலக்கமுள்ள கோப்புகளை அழித்தால் போதும் என்கிறார். இரண்டில் எது சரி, ஐயா? (வாசகி ஒருவர், வெள்ளவத்தை)

பதில்: இரண்டும் வேண்டாம். கடைக்காரர் சொன்னது தேவையற்ற செலவு. மைத்துனர் சொன்னது, நோக்கம் சரியாக இருந்தும் வழி பிழையானது. அரை மணி நேரத்தில், ஒரு கோப்பையும் உங்கள் கையால் அழிக்காமல், இதை நீங்களே முடித்துக்கொள்ளலாம். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தருவது இப்பகுதியின் வழக்கம் என்பதால், தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

வட்டில் அவ்வளவு இடமிருக்க பூட் ஏன் நிரம்புகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். கணினியைப் போட்டவுடன் வேலை செய்யும் கிரப் என்ற சிறிய நிரல், கெர்னலைத் தேடிப் பிடித்து நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் ஏறிய பிறகுதான் உங்களிடம் வட்டின் கடவுச்சொல் கேட்கப்படுகிறது. ஆகவே கெர்னல் இருக்குமிடம் பூட்டப்படாமல், மறைகுறியாக்கத்துக்கு வெளியே, தனி வட்டுப்பிரிவாக இருக்க வேண்டியுள்ளது. அந்தப் பிரிவை நிறுவல் நிரல் சிறியதாகவே ஒதுக்கிவிடுகிறது. வீட்டுக்குள் எத்தனை அறைகள் வெறுமையாக இருந்தாலும் வாசல் திண்ணை நிரம்பிவிட்டால் நிரம்பியதுதான். மறைகுறியாக்கம் இல்லாமல் வழக்கமான முறையில் நிறுவியவர்களுக்குப் பெரும்பாலும் பூட் தனிப்பிரிவாக இருப்பதில்லை. அவர்கள் இந்த எச்சரிக்கையைக் காண்பது அரிது.

உங்கள் கணக்கின்படி நான்கு கெர்னல்கள் 660 மெகாபைட்டுக்குச் சற்றுக் கூடுதலான இடத்தை எடுத்திருக்கின்றன. ஒன்றுக்கு ஏறத்தாழ 160 மெகாபைட். அதில் கெர்னல் என்ற கோப்பு சிறியது. பெரும் பங்கை எடுத்துக்கொள்வது, தொடக்கத்தில் வட்டையும் திரையையும் இயக்கத் தேவையான பாகங்களைக் கட்டிவைத்திருக்கும் இனிட்ஆர்டி என்ற கோப்பு. அதைப் புதுப்பிக்கும்போது, பழையதை அழித்துவிட்டு எழுதாமல், புதியதைப் பக்கத்தில் முழுவதுமாக எழுதி முடித்த பின்னரே பெயரை மாற்றுவார்கள். எனவே சில நிமிடங்களுக்காவது இன்னொரு கோப்புக்குரிய இடம் தேவை. உங்களிடமுள்ள 41 மெகாபைட்டில் அது நடவாது. இப்போது வருவது எச்சரிக்கை மட்டுமே. அடுத்த இற்றைப்படுத்தல் பாதி வழியில் நின்றுவிடும்.

மற்ற மென்பொருள்கள் இற்றைப்படுத்தப்படும்போது புதியது பழையதன் இடத்தில் அமர்கிறது. கெர்னல் மட்டும் அப்படியன்று. இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னல், தனக்கு வேண்டிய துணைப்பாகங்களை வேண்டும்போது வட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நீங்கள் பென்டிரைவ் ஒன்றைச் செருகும் நேரத்தில்தான் அதற்குரிய பாகத்தைத் தேடிப் போகலாம். அந்த நேரத்தில் பாகங்கள் மறைந்திருந்தால் பென்டிரைவ் தெரியாது, சில வேளை வைஃபையும் போய்விடும். இதனால் புதிய கெர்னல் பழையதன் பக்கத்தில் வேறு இலக்கத்துடன் நிறுவப்படுகிறது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு: புதியதில் உங்கள் மடிக்கணினி எழும்பாவிட்டால், முந்தியதைத் தெரிவுசெய்து உள்ளே வந்துவிடலாம். அதனால் பழைய கெர்னல் எல்லாமே குப்பை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கடைசிக்கு முந்தியது உங்கள் காப்பு. அதற்கும் முந்தியவைதான் சுமை.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் ஆவணங்களை வெளி வட்டில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் கணினியை ஒருமுறை மீள்தொடக்குங்கள். பலர் இதைத் தவறவிடுகிறார்கள்: 107 நிறுவப்பட்டிருந்தாலும், மூடியை மட்டும் மூடித் திறந்து வேலை செய்பவர்கள் நாட்கணக்கில் 105 இலேயே இருப்பார்கள், 107 அவர்களுடைய கணினியில் எழும்புமா என்பதே இன்னும் தெரியாத நிலையில் பழையவற்றைத் தூக்குவது மடமை. தொடங்கிய பின், கட்டளைகளைத் தட்டும் சாளரமான முனையத்தைத் திறந்து 'யூநேம் -ஆர்' என்று கேளுங்கள். விடை 107 என்று வர வேண்டும். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, மூடியை மூடித் திறந்தால் விழித்தெழுதல் என்று உங்கள் அன்றாட வேலைக்குத் தேவையானவற்றை ஒரு நாள் முழுவதும் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

அடுத்து, ஒன்றையும் அகற்றாமல் ஒத்திகை மட்டும் பாருங்கள்: 'அப்ட் -எஸ் ஆட்டோரிமூவ்'. நடுவிலுள்ள அந்த 'எஸ்' இருக்கும்வரை எதுவும் அழியாது. எதையெல்லாம் அகற்றுவேன் என்ற பட்டியல் மட்டும் வரும். இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னலையும், ஆகப் புதியதையும், அதற்கு முந்தியதையும் இந்தக் கட்டளை தானாகவே விலக்கி வைக்கிறது. உங்கள் நிலையில் 91, 101 ஆகிய இரண்டும் பட்டியலில் வர வேண்டும். 105, 107 வரக்கூடாது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் 'லினக்ஸ்-இமேஜ்', 'லினக்ஸ்-மொடியூல்ஸ்', 'லினக்ஸ்-மொடியூல்ஸ்-எக்ஸ்ட்ரா', 'லினக்ஸ்-ஹெடர்ஸ்' என்று தொடங்கும் பொதிகள், அதாவது ஒன்றாகக் கட்டி நிறுவப்படும் மென்பொருள் தொகுப்புகள், சேர்ந்து வருவது இயல்பே. பொதிகளுக்கு ஏன் லினக்ஸ் என்று பெயர் என்று சிலர் கேட்பதுண்டு. லினக்ஸ் என்பது கண்டிப்பாகப் பார்த்தால் கெர்னலின் பெயர்தான். 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது அதைத்தான். உபுண்டு என்பது அதைச் சுற்றிக் கட்டப்பட்ட முழுத் தொகுதி.

பட்டியலைச் சோம்பல்படாமல் வாசியுங்கள். கெர்னலோடு தொடர்பில்லாத, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஏதாவது அதில் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். முன்னர் எதையோ அகற்றியபோது அதைத் தாங்கியிருந்த பொதி போயிருக்கிறது என்பதே அதன் பொருள். எல்லாம் சரியென்றால், 'சூடோ அப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' என்று தட்டி, கடவுச்சொல் கொடுத்து, மறுபடியும் ஒருமுறை பட்டியலைப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். கிரப் பட்டியலும் தானாகவே திருத்தப்படும். முடிந்ததும் 'டிஎஃப் -ஹெச் /பூட்' என்று பார்த்தால், 300 மெகாபைட்டுக்கு மேல் வெறுமையாக இருக்கக் காண்பீர்கள்.

91 அல்லது 101 பட்டியலில் வரவில்லையா? அப்படியானால் யாரோ ஒருவர், பெரும்பாலும் வைஃபை வேலை செய்யாத ஒரு நாளில், அதைப் பெயர் சொல்லி நிறுவியிருப்பார். பெயர் சொல்லி நிறுவியதை 'இவர் விரும்பி வைத்திருக்கிறார்' என்று குறித்துக்கொண்டு, இந்தக் கட்டளை அதைத் தொடுவதேயில்லை. 'அப்ட்-மார்க் ஷோமேனுவல்' என்று கேட்டால் அந்தக் குறிப்புத் தெரியும். அத்தகைய ஒன்றை மட்டும் முழுப் பெயரைக் கொடுத்து, 'சூடோ அப்ட் பர்ஜ் லினக்ஸ்-இமேஜ்-5.15.0-91-ஜெனரிக்' என்ற முறையில் அகற்றலாம். பிறகு ஆட்டோரிமூவ் அதன் துணைப்பொதிகளைப் பொறுக்கிக்கொள்ளும். தவறுதலாக இயங்கும் கெர்னலின் இலக்கத்தைக் கொடுத்துவிட்டால், திரையொன்று வந்து, அகற்றுவதை நிறுத்தவா என்று கேட்கும். அந்தக் கேள்வியைக் கவனமாக வாசியுங்கள். அங்கே 'ஆம்' என்றால் 'நிறுத்து' என்று பொருள். 'அகற்றவா' என்று கேட்பதாக நினைத்துப் பதறி 'இல்லை' என்று அழுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு வகைப் பொதிகளை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். 'லினக்ஸ்-ஜெனரிக்', 'லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக்' என்று, நடுவில் கெர்னல் இலக்கம் எதுவும் இல்லாமல் சில பொதிகள் இருக்கும். அவற்றுக்குள் கெர்னல் கிடையாது. 'ஆகப் புதிய கெர்னல் எதுவோ அது எனக்கு வேண்டும்' என்று சொல்லும் வேண்டுகோள் சீட்டுகள் அவை. சீட்டைக் கிழித்துவிட்டால் அன்று ஒன்றும் நடவாது, நாளையும் ஒன்றும் நடவாது. கணினி நன்றாகவே ஓடும். ஆனால் அதற்குப் பிறகு வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் உங்கள் கெர்னலை வந்தடையாது, அதைச் சொல்ல ஓர் எச்சரிக்கையும் வராது. வாடிக்கையாளர்களின் உறுதிகளை வைத்திருக்கும் உங்களுக்கு நிரம்பிய பூட்டைவிட இது பெரிய ஆபத்து. சிலருடைய கணினியில் இந்தச் சீட்டின் பெயரில் 'ஹெச்டபிள்யூஈ-22.04' என்று இருக்கும்; அது உபுண்டுவின் பதிப்பு இலக்கமே தவிரக் கெர்னலின் இலக்கமன்று. பழைய கெர்னல்கள் எல்லாவற்றையும் ஒரே வரியில் துடைத்துவிடும் என்று கைமாறி வரும் நீண்ட கட்டளைகளை நான் பரிந்துரைக்காததற்கும் இதுவே காரணம்: இயங்கும் இலக்கம் தவிர லினக்ஸ் என்று தொடங்கும் அனைத்தையும் அவை வாரிக்கொண்டு போகும்போது, காப்புக் கெர்னலும் இந்தச் சீட்டும் சேர்ந்தே போய்விடும். ஏற்கெனவே போயிருந்தால் 'சூடோ அப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-ஜெனரிக்' என்பது அதைத் திரும்பக் கொண்டுவரும்.

இனிமேல் இப்படிச் சேராதிருக்க, முனையத்தில் இற்றைப்படுத்தும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், அதன் முடிவில் 'பின்வரும் பொதிகள் இனித் தேவைப்படா' என்று வரும் பத்தியைக் கடந்து போகாதீர்கள். நான்கு கெர்னல்கள் சேர்ந்ததற்கு அந்தப் பத்தியைப் பல மாதங்களாக யாரும் வாசிக்காததே காரணமாக இருக்க வேண்டும்.

கேள்வி: நான் கேட்காமலே செய்துவிட்டேன். பூட் நிரம்பியிருந்ததால் பழைய கெர்னல் கோப்புகளை 'ஆர்எம்' கட்டளையால் அழித்தேன். கணினி ஓடுகிறது, ஆனால் மீள்தொடக்கப் பயமாக இருக்கிறது. (வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை)

பதில்: பயந்தது நல்லதாயிற்று. அணைக்காமல் இதை வாசியுங்கள்.

கோப்பை அழிப்பதும் பொதியை அகற்றுவதும் வேறு வேறு. எந்தப் பொதி எங்கே எந்தக் கோப்பை வைத்தது என்ற பேரேடு ஒன்றைக் கணினி வைத்திருக்கிறது. நீங்கள் சரக்கை எடுத்து வெளியே எறிந்துவிட்டீர்கள். பேரேட்டில் அது இன்னும் இருப்பில் இருக்கிறது. அதனால் துணைப்பாகங்கள் வட்டின் மற்றப் பகுதியில் சில நூறு மெகாபைட்டுகளை எடுத்தபடியே கிடக்கும்.

முதலில் 'யூநேம் -ஆர்' தரும் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, பூட் அடைவில் அதே இலக்கத்துடன் 'விஎம்லினஸ்' என்ற கோப்பும் 'இனிட்ஆர்டி' என்ற கோப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஆபத்தில்லை. மேலே வெள்ளவத்தை வாசகிக்குச் சொன்னபடி, அழித்த இலக்கங்களின் பொதிகளை முறையாக அகற்றிவிடுங்கள். கோப்புகள் முன்னரே இல்லையென்பதற்காக அது முரண்டு பிடிக்காது. இயங்கும் கெர்னலின் கோப்புகளே போயிருந்தால், 'சூடோ அப்ட் இன்ஸ்டால் --ரிஇன்ஸ்டால்' என்று எழுதி, அதே இலக்கத்துக்குரிய லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-மொடியூல்ஸ் ஆகிய இரு பொதிகளின் முழுப் பெயரையும் தொடர்ந்து கொடுங்கள். கோப்புகள் மீண்டும் வந்தமர்ந்து, இனிட்ஆர்டியும் புதிதாக உருவாகும். 'சூடோ அப்டேட்-கிரப்' என்று முடித்து, பூட் அடைவை இன்னொரு முறை பார்த்த பிறகே மீள்தொடக்குங்கள்.

கேள்வி: எனக்கு எச்சரிக்கைக் கட்டம் தாண்டிவிட்டது. பூட் நூறு வீதம் நிரம்பி, இற்றைப்படுத்தல் பாதியில் நின்றுவிட்டது. ஆட்டோரிமூவ் கொடுத்தாலும், முதலில் உடைந்த பொதிகளைச் சரிசெய் என்கிறது. சரிசெய்யப் போனால் இடமில்லை என்கிறது. (வாசகர் ஒருவர், மருதானை)

பதில்: வைத்தியருக்குப் பணம் வேண்டும், பணம் உழைக்க உடல் தேற வேண்டும் என்ற கதைதான். இந்த ஓரிடத்தில் மட்டும் பூட் அடைவுக்குள் கைவைக்கலாம்; அதுவும் அழிப்பதற்கன்று, நகர்த்துவதற்கு. இயங்காத கெர்னல்களில் ஆகப் பழையது எதுவோ அதன் இனிட்ஆர்டி கோப்பை மட்டும் 'சூடோ எம்வி' கொண்டு உங்கள் வீட்டு அடைவுக்கு மாற்றுங்கள். மூச்சுவிட இடம் கிடைத்துவிடும். அடுத்து, 'அப்ட்' கேட்காது என்பதால், அதற்கும் கீழ்ப்படியில் நின்று வேலை செய்யும் 'சூடோ டிபிகேஜி --பர்ஜ்' என்பதைப் பயன்படுத்தி, அந்தப் பழைய இலக்கத்தின் இமேஜ், மொடியூல்ஸ், மொடியூல்ஸ்-எக்ஸ்ட்ரா ஆகிய மூன்றையும் ஒரே வரியில் கொடுங்கள். ஒன்றை ஒன்று சார்ந்தவை என்பதால் தனித்தனியாகக் கொடுத்தால் மறுக்கும். அதன்பின் 'சூடோ அப்ட் -எஃப் இன்ஸ்டால்' பாதியில் நின்றதை முடித்துவைக்கும். அது முடிந்த பிறகு வழக்கமான ஆட்டோரிமூவ். நகர்த்திய கோப்பைப் புதிய கெர்னலில் எழும்பிப் பார்த்தபின் அழித்துவிடுங்கள்.

கேள்வி: உபுண்டு போன்ற இன்னொரு லினக்ஸ் தொகுதியான பெடோராவைப் பயன்படுத்துகிறேன். அதற்கும் இதே முறையா? (வாசகர் ஒருவர், தெஹிவளை)

பதில்: தேவையில்லை. பெடோராவில் பொதிகளை நிறுவும் 'டிஎன்எஃப்' மூன்று கெர்னல்களை வைத்துக்கொண்டு, நான்காவது வரும்போது ஆகப் பழையதைத் தானே விலக்கிவிடுகிறது, இயங்கிக்கொண்டிருப்பதை விலக்காது. லினக்ஸ் மின்ட் வைத்திருப்போர், இற்றைப்படுத்தல் மேலாளரின் 'வியூ' பட்டியிலுள்ள கெர்னல்கள் பக்கத்திலேயே சுட்டியால் இதைச் செய்துகொள்ளலாம்.

கேள்வி: பழைய கெர்னல்களை அகற்றும் நேரத்தில் மின்சாரம் போய்விட்டால்? என்னிடம் இருப்பது மேசைக் கணினி, யூபிஎஸ் கிடையாது. (வாசகி ஒருவர், வத்தளை)

பதில்: 2022 மார்ச் முடிவில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டைக் கண்டவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இராது. அகற்றும் வேலை சில நிமிடங்கள்தான் என்றாலும், இடி மின்னல் இருக்கும் மாலையில் தொடங்காதீர்கள். காப்புக் கெர்னலை அகற்ற வேண்டாம் என்று சொல்வது இதற்காகவும்தான்.

மின்சாரம் போய்த் திரும்பிவந்தால், கணினியைப் போட்டுத் தொடக்கத்திலேயே கிரப் பட்டியலை வரவழையுங்கள். பழைய பயோஸ் கணினியானால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்திருப்பதும், யூஈஎஃப்ஐ ஆனால் எஸ்கேப் விசையைத் தட்டுவதும் அதற்கு வழி (இவை கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரலின் பழைய, புதிய வகைகள்). அதில் உபுண்டுவுக்கான மேலதிகத் தெரிவுகள் என்ற வரிக்குள் நுழைந்தால் மிஞ்சியிருக்கும் கெர்னல்கள் இலக்கத்தோடு தெரியும். நீங்கள் அகற்ற நினைக்காத ஒன்றைத் தெரிவுசெய்து உள்ளே வந்து, 'சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' என்று கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து பேரேடு ஒழுங்காகும். பின்னர் ஆட்டோரிமூவை மறுபடியும் கொடுத்து, 'சூடோ அப்டேட்-கிரப்' என்று முடியுங்கள். அடுத்த முறை அந்தப் பட்டியலில் பாதி அழிந்த இலக்கம் இராது.